அத்தியாயம் 6: ராஜா தலை ரூபாயும் கோபுர வராகனும்

பழைய வெள்ளிக் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் போக வேண்டியது கடைக்கு அல்ல, சொந்தக்காரர் வீட்டுக்கு. செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், செய்யூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் இருக்கும் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். பூஜை அறைக் கிண்ணத்தில் லட்சுமி படத்துக்கு முன்னால் நாலு ராஜா தலை ரூபாய் கிடக்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது, நேர்ந்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் முடிச்சு அவிழாமல் இருக்கும். பாட்டியின் காசுமாலையில் விக்டோரியா ராணி வரிசையாகத் தொங்குவாள். நிலைவாசல் வைக்கும்போது அடியில் போட்ட காசு, பழைய வீட்டை இடிக்கும் நாளில் மண்ணோடு வெளியே வரும்.

'இதுக்கு என்ன விலை போகும்?' என்று அந்த வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மூன்று பதில் உண்டு. உருக்கினால் கிடைக்கும் வெள்ளிக்கு ஒரு விலை. அந்த ஆண்டு, அந்த அக்கசாலை, அந்த நிலையிலுள்ள காசைத் தேடிக்கொண்டிருக்கும் சேர்ப்பாளர் கொடுக்கும் விலை இன்னொன்று. தாத்தா கையால் வந்தது என்பதால் வீட்டார் மனத்தில் இருக்கும் விலை மூன்றாவது. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் காசு வாங்குகிறவரும் விற்கிறவரும் ஏமாறுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் முதல் இரண்டையும் பார்ப்போம். மூன்றாவதற்குச் சந்தை கிடையாது.

எத்தனை கிராம் வெள்ளி?

1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்தியா அடித்த ரூபாய்க்கு ஒரே கணக்கு: எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.7 சதவீதம். ஒரு காசில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைதான் மாறியது, எடை மாறவில்லை. அதனால்தான் ரூபாயே எடைக்கல்லாகவும் இருந்தது. நாட்டு மருந்துக் கடைக்காரர் பழைய சுவடிக் கணக்கில் 'ஒரு ரூபாய் எடை' என்றால் இந்தக் காசு ஒன்றின் எடை, ஒரு தோலா. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டணா, நாலணா, இரண்டணா வெள்ளிக் காசுகளும் இதே தரத்தில், எடை மட்டும் பாதி, கால், அரைக்கால் என்று இறங்கும்.

1940இல் போர்க்காலத் தட்டுப்பாடு வந்தது. ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது: 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எடை அதே 11.66 கிராம்தான்; உள்ளே சுத்த வெள்ளி 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். 'வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி' என்று யாராவது 1947 ரூபாயை நீட்டினால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையே பதில் சொல்லிவிடும்.

வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 1919ஆம் ஆண்டு ரூபாயில் 1,069 ரூபாய் வெள்ளி, 1944ஆம் ஆண்டு ரூபாயில் 583 ரூபாய் வெள்ளி. அன்றைய விலையை இந்தக் கிராம் கணக்கால் பெருக்கினால் உருக்கு விலை கிடைக்கும். அடகுக் கடையோ நகைக் கடையோ இதிலும் தேய்மானம் கழித்துத்தான் தரும். நூறாண்டு கைமாறிய காசு அரை கிராம் வரை இளைத்திருப்பது உண்டு.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1969இல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. 1972இல் வந்த சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் 22.5 கிராம், பாதி வெள்ளி. எம்.ஜி.ஆர்., கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயங்கள் 35 கிராம். அவற்றின் கலவை 1940ஆம் ஆண்டு போர்க்கால ரூபாயின் அதே 50–40–5–5. நினைவு நாணயம் வாங்குகிறவர்களில் இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. அபிமானத்துக்கு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

வெள்ளி ஏறும், இறங்கும்

'வெள்ளி எப்போதும் ஏறும்' என்று சொல்கிறவர் 1893ஐ மறந்துவிடுகிறார். 1870களிலிருந்து உலகச் சந்தையில் வெள்ளி சரிந்துகொண்டே வந்தது. கடைசியில் 1893இல் அரசாங்கம், யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தை நிறுத்தியது. அன்றிலிருந்து ரூபாயின் முகமதிப்பு வேறு, உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு வேறு என்றாயிற்று. பிறகு முதல் உலகப் போரில் நிலைமை தலைகீழானது. வெள்ளி விலை ஏறியது, மக்கள் ரூபாயை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டே அச்சடிக்க வேண்டியதாயிற்று. 1918இல் பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி இந்தியாவுக்கு விற்றது. அந்த வெள்ளியும் சேர்ந்துதான் 1918ஆம் ஆண்டு ரூபாய் 40 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டது. உங்கள் பாட்டி வைத்திருந்தது 1918 ரூபாய் என்றால், நூறாண்டு தாண்டியும் அது ஏன் கிட்டத்தட்ட உருக்கு விலைக்கே போகிறது என்பதற்கு இதுதான் காரணம். வயது ஆனதால் காசு அரிதாகிவிடாது.

டாலர் கணக்கில் வெள்ளி 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டு விழுந்தது. 2011இல் மீண்டும் அந்த உயரத்துக்குப் பக்கத்தில் வந்து திரும்பியது. 2020 மார்ச்சில் 12 டாலருக்கு இறங்கியது. 1980இன் உச்சத்தைத் தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். உச்சத்தில் வாங்கியவர் அசலைப் பார்க்க நாற்பத்தைந்து ஆண்டு காத்திருந்தார். நம் ஊரில் அவ்வளவு நஷ்டம் தெரியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. 1980இல் ஒரு டாலர் சுமார் 8 ரூபாய். 2025இல் 85க்கும் மேல். ரூபாய்க் கணக்கில் நாம் பார்க்கும் வெள்ளி ஏற்றத்தில் பெரும்பங்கு, ரூபாயின் இறக்கம்.

ஆகவே உருக்கு விலைக்கு நெருங்கிய விலையில் வாங்கும் சாதாரண ராஜா தலை ரூபாயை, வெள்ளிக் கட்டி வாங்கியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்குப் பதினைந்து ஆண்டு இருக்கிறது, கொஞ்சம் வெள்ளி சேர்க்கலாம் என்பது நியாயமான காரணம்தான். அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள் என்பது மட்டுமே என் யோசனை.

எது அரிது?

காசின் மேலிருக்கும் ஆண்டை அப்படியே நம்பக் கூடாது. விக்டோரியாவின் 1862 ரூபாய் பார்க்கப் பழையதாக இருக்கும். ஆனால் 1874 வரை அடித்த ரூபாய்கள் எல்லாவற்றிலும் 1862 என்றே பொறித்தார்கள். ஆண்டுக்கு மேலும் கீழும் உள்ள புள்ளிகளைக் கொண்டுதான் வகை பிரிக்க முடியும். அந்தப் புள்ளிக் கணக்கில் சில அரிது, பல மலிவு. பட்டியல் புத்தகம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கதை எல்லோருக்கும் பிடித்தது. மன்னர் அங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தெரிந்தது, புகார் எழுந்தது, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டு 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். பன்றி ரூபாய் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது எளிதில் கிடைக்காது, ஆனால் கிடைக்காமலும் போகாது. உண்மையில் அரிது 1939 ரூபாய். 1938இன் கடைசி எட்டை ஒன்பதாகத் திருத்திய போலிகள் சந்தையில் உண்டு. ஆகவே 1939 என்றதும் கையில் எடுக்க வேண்டியது பர்ஸை அல்ல, பூதக்கண்ணாடியை.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் எந்த அக்கசாலை என்று பார்க்க, பின்பக்கம் கீழே உள்ள தாமரைப் பூவின் அடியைப் பாருங்கள். புடைத்த சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. மதராஸ் ஏன் இல்லை என்று கேட்பவருக்கு: சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டுவிட்டது. தங்கசாலைத் தெருவில் அது இருந்த இடத்தில் இப்போது அரசு அச்சகம்.

மதராஸ் வெள்ளியைத் தேடுங்கள்

இந்த வட்டாரத்துச் சேர்ப்பாளருக்கு என் சிபாரிசு ராஜா தலை ரூபாய் அல்ல. 1835க்கு முந்தைய மதராஸ் வெள்ளி. அதில்தான் இந்த மண்ணின் கணக்கு வழக்கு இருக்கிறது.

1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1790களில் லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்த காலத்தில் இங்கே தீர்வை எழுதியது ரூபாயில் அல்ல, நட்சத்திர வராகனில். வராகன் தங்கம். அதற்குக் கீழே வெள்ளிப் பணம், அதற்கும் கீழே செம்புக் காசு. மதராஸ் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆனால் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றின் விலையும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்குவதால் கடைத்தெருவில் இந்த விகிதம் நிற்காது. நெல் விற்றவனுக்குக் கையில் வருவது பணமும் காசும். கட்ட வேண்டியது வராகன். நடுவில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்த சராப்புக்கு அதில்தான் பிழைப்பு.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே 1807, 1808 வாக்கில் கம்பெனி வெளியிட்ட அரை வராகன், கால் வராகன் வெள்ளிக் காசுகள்தான் என் கண்ணுக்குத் தென்னிந்தியாவின் அழகான காசுகள். ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், ஓரத்து வாரில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் பெருமாள், சுற்றிலும் புள்ளிகள், தமிழிலும் தெலுங்கிலும் அதே மதிப்பு. கிறிஸ்தவ அரசரின் கம்பெனி, பெருமாளையும் கோபுரத்தையும் போட்டுக் காசு அடித்தது ஊர் நம்பிக்கைக்காக. ஊர் நம்பாத காசு கடைத்தெருவில் ஓடாது. அரை வராகன் சுமார் 21 கிராம், கையில் கனமாக உட்காரும். மெக்சிகோ, பெரு வெள்ளியில் அடித்த ஸ்பானிய டாலரின் மேலேயே அச்சை இறக்கி அடித்த அரை வராகன்களும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய எழுத்தின் நிழல் தெரியும். அப்படித் தெரிந்தால் அது குறை அல்ல. சேர்ப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார்.

அதே வரிசையில் ஒரு பணம், இரண்டு பணம், ஐந்து பணம் என்று சின்ன வெள்ளிக் காசுகள் வந்தன. இரண்டு பணம் இரண்டு கிராமுக்கும் குறைவு. சட்டைப் பொத்தான் அளவு. தமிழில் மதிப்பு எழுதிய வெள்ளி இவ்வளவு எளிய விலையில் வேறு எங்கும் கிடைக்காது. தொடங்குகிறவர் இதில் தொடங்கலாம்.

அடுத்தது ஆற்காட்டு ரூபாய். முகலாயப் பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பெயரில், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற குறிப்போடு கம்பெனி அடித்தது. மதராஸ் அடிப்புக்கு அடையாளம் சின்னத் தாமரை. அந்தப் பாதுஷா 1759இலேயே கொல்லப்பட்டுவிட்டார். ஐம்பதாண்டு கழித்து இயந்திரத்தில் அடித்தபோதும் அதே பெயர், அதே ஆண்டு. பிறை அடையாளம் இருந்தால் அது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தது. பிறையும் தாமரையும் அருகருகே வைத்தால், கர்நாடகப் போர்களின் இரண்டு தரப்பும் உங்கள் பெட்டியில்.

பிறை ரூபாய்க்குப் பின்னால் நம் கடற்கரை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடப்பாக்கத்தை ஒட்டி உப்பங்கழி ஓரத்தில் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை நவாப் காலத்தில் அக்கசாலை இயங்கிய துறைமுகம். 1736இல் நவாப் தோஸ்த் அலி கான் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். 1750இல் கோட்டையே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இன்று அங்கே சுவரும் மணலும் 2004 சுனாமி விட்டுவைத்த மிச்சமும்தான். வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை; 1825இல்தான் அது டச்சுக்காரர் கையை விட்டது. காசு வாங்கும் முன் இந்த இரண்டு இடத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வருவது நல்லது. எந்த வியாபாரத்துக்கு எந்தக் காசு வந்தது என்பது இடத்தைப் பார்த்தால் விளங்கும்.

1818இல் மதராஸ் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியது: 100 வராகனுக்கு 350 ரூபாய். அந்த மதராஸ் ரூபாயின் எடையும் தரமும்தான் 1835இல் இந்தியா முழுமைக்குமான ரூபாய்க்கு அளவானது. ராஜா தலை ரூபாயின் அந்த 11.66 கிராம் முதலில் நம் மாகாணத்துக் கணக்கு.

மதராஸ் செம்பைப் பற்றியும் ஒரு செய்தி, விலை பற்றிய பாடமாக. 1809இல் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையிலேயே மணல் திட்டில் சிக்கி மூழ்கியது. உள்ளே மதராஸுக்கு அனுப்பிய 1808ஆம் ஆண்டு 10 காசு, 20 காசு செம்பு நாணயங்கள் டன் கணக்கில் இருந்தன. 1980களில் அவற்றை லட்சக்கணக்கில் மேலே எடுத்தார்கள். புதுமெருகு கலையாத 1808 காசு அதன் பிறகு உலகமெங்கும் மலிந்துவிட்டது. நீங்கள் வைத்திருக்கும் அரிய காசு நாளைக்கும் அரிதாகவே இருக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒரே வகையில் பணம் முழுவதையும் போடாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

தண்ணீர்ச் சோதனை

வெள்ளிதானா என்று பார்க்க, தரையில் போட்டு ஓசை கேட்பது பழைய முறை. காசின் ஓரம் நசுங்கும், செய்யாதீர்கள். நகைக் கடையின் கேரட் மீட்டர் மேல்பரப்பைத்தான் படிக்கும். கனமான முலாம் பூசியதை நல்ல வெள்ளி என்று காட்டக்கூடும். வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை ஒன்று உண்டு. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன மின்தராசு வேண்டும், விலை அதிகமில்லை.

முதலில் காசை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 91.7 சதவீத வெள்ளி ரூபாய்க்கு விடை 10.3க்கு அருகில் வரும், 11.66 கிராம் காசுக்குத் தராசு 1.13 காட்டும். 1940களின் பாதி வெள்ளிக்கு விடை 9.5 பக்கம். எட்டரை பக்கம் வந்தால் அது பித்தளையோ ஜெர்மன் சில்வரோதான். காசைச் சுற்றிக் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிசகும். நூலை லேசாக ஆட்டி உதிர்த்துவிடுங்கள். தேய்ந்த காசுக்கும் இந்த விகிதம் மாறாது என்பதுதான் இதன் சிறப்பு.

பிறகு விட்டம், ஓரத்து வரிகள், எழுத்தின் கூர்மை. வார்ப்புப் போலியில் எழுத்து மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்துப் போலக் குழிகள் தெரியும், ஓரத்தில் ஒட்டுக்கோடு ஓடும்.

கரையில் விற்பதும் கரையில் கிடைப்பதும்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு, மணிமாலையோடு 'கம்பெனி காசு' விற்பார்கள். அனுமார் படம் போட்டு 1818, ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1616 என்று ஆண்டு இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி எந்தக் காசையும் அடித்ததில்லை. போலி என்றுகூடச் சொல்ல முடியாது. போலிக்கு ஓர் அசல் இருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் பொம்மை விலைக்கு வாங்குங்கள்.

இதைவிட ஆபத்து, அரிசியை இழுக்கும் காசு. ரைஸ் புல்லிங், இரிடியம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முன்பணம் கேட்பார்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது. காந்தமும் இரும்புத் தூள் கலந்த அரிசியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த வித்தையைக் காட்டலாம். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் செய்தியும் இதே ரகம்தான். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

நிஜமான பழங்காசும் இந்த மணலில் உண்டு. இரண்டு பாய்மரக் கப்பல் பொறித்த காசுகளை வால்டர் எலியட் 1886இல் வெளியான தன் தென்னிந்திய நாணய நூலில் எழுதியிருக்கிறார். பாலாற்று முகத்துவாரத்தருகே வசவசமுத்திரத்தில் ரோமானிய மதுச்சாடி ஓடுகள் அகழாய்வில் கிடைத்தன. புயல் ஓய்ந்த மறுநாள் கரையில் கிடைப்பவை பெரும்பாலும் செம்பும் ஈயமும். வெள்ளியைக் கடலுப்பு அரித்துக் கருஞ்சாம்பல் கட்டியாக்கிவிடும்.

கிடைத்தால் என்ன செய்வது? 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணிலோ மண்ணோடு கட்டிய எதிலுமோ மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நிலைவாசல் அடியில் கிடைத்த காசும் இதில் அடங்கும். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால் மனு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கே. கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் சொல்லி வைத்தால் வேலை சுலபம். உரிமையாளர் யாரும் இல்லை என்று தீர்மானமாகி, அரசும் எடுத்துக்கொள்ளாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உங்கள் பாட்டனார் புதைத்தது என்று காட்ட முடிந்தால் அது உங்களுடையதே. அதற்கும் முதலில் தகவல் கொடுத்திருக்க வேண்டும். சதுரங்கப்பட்டினக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, ஆலம்பரையில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. அங்கே உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போய் நிற்பது வேண்டாத வேலை.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குத் திருநீறு என்ற வழக்கத்தில் காசையும் தேய்த்துவிடுவார்கள். பற்பசையும் அப்படியே. பளபளப்பு வரும்; சேர்ப்பாளர் விலையில் பாதி போகும், நல்ல நிலைக் காசானால் அதற்கு மேலும் போகும். நூறாண்டில் காசின் மேல் படியும் கருநீல, பழுப்பு நிறப் படலம் அழுக்கு அல்ல; அதுவே அசலுக்குச் சாட்சி. எண்ணெய், மஞ்சள், குங்குமம் அப்பியிருந்தால் வாலை வடிநீரில் ஊறவைத்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். பிசுக்கு போகாவிட்டால் சுத்தமான அசிட்டோன் ஒரு முறை; ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு இல்லாத அறையில். தேய்ப்பது கூடாது.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பெரிய தொல்லை. ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளித் துணி இவற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நெகிழும் பி.வி.சி. உறைகள் சில ஆண்டில் பச்சைப் பிசுக்கை விடும். அட்டைச் சட்டத்தில் மைலார் ஜன்னல் வைத்த உறைகள் மலிவு, போதும். அவற்றை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். காசை எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

காது பற்ற வைத்த காசுக்குச் சேர்ப்பாளர் விலை இல்லை. ஆசாரியிடம் கொடுத்துக் காதை எடுத்தாலும் பற்ற வைத்த இடம் தெரியும். அதனால் காசுமாலையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் வெறும் வெள்ளி, பிரிக்காவிட்டால் முழுமையான பழைய நகை.

வாங்குவதும் விற்பதும்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியைப் பார்த்துக் கண் பழகிய பிறகு வாங்கத் தொடங்குங்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் கம்பெனி நாணயங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் உதவும். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி நடத்தும் கண்காட்சிகளில் ஒரே நாளில் பல வியாபாரிகளின் காசை ஒப்பிட்டுப் பார்க்கலாம்; அந்த ஒப்பீடு வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தால் வராது. ரசீது தராதவரிடம் விலையுயர்ந்த காசு வாங்க வேண்டாம். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் தரம் குறித்துப் பெட்டியில் அடைத்துத் தருவது, பல ஆயிரம் விலையுள்ள காசுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

விற்கும்போது சாதாரண ரூபாய்களை எடைக்கும், மதராஸ் வெள்ளியைத் தனித்தனியாகவும் விலை பேசுங்கள். மொத்தமாக ஒரு விலை சொல்கிறவர், அதற்குள் இருக்கும் நல்ல காசைப் பார்த்துவிட்டார் என்று பொருள். வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர் கவனிக்க: திருட்டு, தீ போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான்; வெள்ளம், புயலுக்கு அதுவும் இல்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் எடை, ஆண்டு, வாங்கிய விலை, இன்றைக்கு எந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்பதை எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கிறவருக்குக் காசைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

கடைசியாக, வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு நிறைந்த நாணயம் தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கப் பதிவு தேவையில்லை; வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்; நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதியே கிடையாது. எல்லை ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது: 2026இல் 1926 வரை அடித்த காசெல்லாம் இதற்குள் வரும். சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன் பாட்டியின் விக்டோரியா ரூபாயை ஞாபகத்துக்காகப் பர்ஸில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கம் போனால் சுங்கத்தில் மாட்டிக்கொள்வார். அவருக்குக் கொடுக்க 1940களின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இருக்கிறது. அதற்கும் சந்தேகம் வராமல் இருக்க, புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்தில், தொல்பொருள் அல்ல என்ற சான்று பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; பயணத்துக்கு முதல் நாள் போனால் வேலை நடக்காது.